ஓடும் வீட்டில் குழாயும் ஒயரும்

மும்பையில் இருந்து நெல்லை, மதுரை, நாகர்கோவில் என்று ஊருக்குப் புறப்படும் நம்மவர்கள் ஒரு நாளும் ஒன்றரை நாளும் ரெயில் பெட்டியிலேயே குடியிருக்கிறார்கள். சாப்பாடு அங்கே. தூக்கம் அங்கே. குழந்தைக்குக் கால் கழுவி விடுவதும் அங்கே. வெளிநாடுகளில் வசதி உள்ளவர்கள் படுக்கை, அடுப்பு, கழிவறையுடன் வேனையே வீடாகக் கட்டிக்கொண்டு ஊர் சுற்றுகிறார்கள். நம் நாட்டில் சாதாரண மக்களுக்குக் கிடைத்த சக்கரம் வைத்த வீடு ரெயில் பெட்டிதான்.

வீடு என்றால் தண்ணீர் வேண்டும், விளக்கு வேண்டும். ஒரே இடத்தில் நிற்கும் வீட்டுக்கு இரண்டையும் நகராட்சியும் மின்சாரக் கம்பெனியும் கொண்டுவந்து கொடுத்துவிடும். ஓடும் வீட்டுக்கு யார் கொடுப்பது? கட்டிக்கொண்டு போகும் புளியோதரைப் பொட்டலம் மாதிரி, ஏற்றிக்கொண்டு போனதை வைத்துத்தான் காலம் தள்ள வேண்டும்.

அந்தத் தண்ணீர் எங்கே இருக்கிறது? மின்சாரம் எப்படி வருகிறது? பாதி வழியில் ஏன் நின்றுபோகிறது? எப்போது ஆபத்தாக மாறுகிறது? இந்தக் கேள்விகளுக்கு எல்லாம் பதில், பெட்டியின் பலகைக்குப் பின்னால் நம் கண்ணில் படாமல் ஓடும் குழாயிலும் ஒயரிலும் இருக்கிறது. அவற்றை ஒழுங்காகக் கட்டி வைப்பது அழகுக்காகச் செய்யும் வேலை அல்ல. உயிரைக் காக்கும் வேலை.

தலைக்கு 25 லிட்டர்

நீல நிறத்தில் இன்றும் பல ரெயில்களில் ஓடும் பழைய மாதிரி தூங்கும் வசதிப் பெட்டியை எடுத்துக்கொள்வோம். பெட்டிக்கு 4 கழிவறைகள். ஒரு முனையில் 2, மறு முனையில் 2. தண்ணீர் டேங்குகள் கழிவறைக்கு மேலே, கூரையை ஒட்டி இருக்கும். எல்லாம் சேர்த்து சுமார் 1,800 லிட்டர் கொள்ளும்.

பெட்டியில் 72 படுக்கைகள். வகுத்துப் பார்த்தால் தலைக்கு 25 லிட்டர். கழிவறைக்கும், கை கழுவவும், முகம் கழுவவும், தட்டு அலம்பவும் இதுதான். டிக்கெட் உறுதியாகாமல் ஏறி வழியில் நிற்பவர்களையும் சேர்த்தால் பங்கு இன்னும் குறையும்.

மேலே இருக்கும் தண்ணீர் தன் கனத்தாலேயே குழாய் வழியாகக் கீழே இறங்கி வரும். மோட்டார் தேவை இல்லை. அதுவே இந்தப் பழைய ஏற்பாட்டின் பலம்.

இப்போது வரும் சிவப்பு, சாம்பல் நிற எல்.எச்.பி. பெட்டிகளில் கதை வேறு. இது ஜெர்மன் கம்பெனி ஒன்றின் வடிவமைப்பு. இதில் பெரிய டேங்குகள் பெட்டியின் அடியில் தொங்குகின்றன. பம்பு ஒன்று தண்ணீரை மேலே ஏற்றும். ஆகவே மின்சாரம் தடைப்பட்டாலோ, பம்பு பழுதானாலோ, டேங்கில் தண்ணீர் இருந்தும் குழாயில் வராது. இந்தப் பெட்டியில் தண்ணீர்க் கோளாறைப் பார்க்க பிட்டர் மட்டும் போதாது, எலெக்ட்ரீஷியனும் வர வேண்டும்.

சொட்டுக் கணக்கு

தண்ணீர் தீர்ந்துபோவதற்குப் பயணிகள் அதிகம் செலவழிப்பது மட்டும் காரணம் அல்ல. பாதித் திருட்டு குழாயிலேயே நடக்கிறது.

விநாடிக்கு ஒரு சொட்டு வீதம் ஒழுகும் குழாயில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 20 லிட்டர் போய்விடும். ஏறக்குறைய ஒரு பயணியின் பங்கு அது. சொட்டாக இல்லாமல் மெல்லிய நூல் போல ஒழுகினால் என்ன ஆகும்? நிமிடத்துக்கு அரை லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 450 லிட்டர் டேங்க் 15 மணி நேரத்தில் காலி. இரவு 8 மணிக்குப் புறப்பட்ட ரெயிலில், யாரும் குழாயைத் தொடாவிட்டாலும், மறுநாள் காலை 11 மணிக்குத் தண்ணீர் இருக்காது.

இந்த ஒழுகல் எல்லாம் வாஷ்பேசினில் நடந்தால் யாராவது பார்த்துச் சொல்லுவார்கள். பலகைக்குப் பின்னால் இருக்கும் இணைப்பில் ஒழுகினால் யார் பார்ப்பது? தண்ணீர் சுவர் வழியாக இறங்கி, தரை வழியாகக் கசிந்து, தண்டவாளத்தில் சொட்டிவிடும். பயணிக்குத் தெரிவது ஒன்றுதான்: குழாயைத் திருகினால் காற்று வருகிறது.

குழாய் ஏன் கழன்றுகொள்கிறது?

நம் வீட்டுச் சுவரில் பதித்த குழாய் பத்து வருடம் ஆனாலும் அசையாமல் கிடக்கும். ரெயில் பெட்டிக் குழாய்க்கு அந்தப் பாக்கியம் கிடையாது. ஓடும் நேரம் எல்லாம் அதிர்வு. பாயிண்டு மாறும்போது ஒரு குலுக்கல். பிரேக் போடும்போது ஒரு இழுப்பு. டேங்கில் இருக்கும் தண்ணீரும் முன்னும் பின்னும் அலை அடிக்கும்.

குழாயைச் சரியாகப் பிடித்துக் கட்டாவிட்டால் இந்த அதிர்வு எல்லாம் இணைப்பில் போய்ச் சேரும். மரை மெல்ல மெல்லத் தளரும். வாஷர் தேயும். முதலில் ஈரம் கசியும், பிறகு சொட்டும், பிறகு ஒழுகும்.

ஆகவே குழாய் வேலையில் முதல் விதி, குழாயைத் தொங்க விடக்கூடாது என்பது. குறுகிய இடைவெளியில் கிளாம்ப் போட்டு இறுக்க வேண்டும். கிளாம்புக்கும் குழாய்க்கும் நடுவே ரப்பர் பட்டை வைக்க வேண்டும். வெறும் இரும்புக் கிளாம்ப் குழாயைப் பிடித்தபடியே அரத்தால் தேய்ப்பது போலத் தேய்த்துவிடும்.

இரண்டாவது விதி வாட்டம். குழாய் ஒரே சீராகச் சரிந்து இறங்க வேண்டும். நடுவில் வளைந்து தொய்ந்தால் அந்தத் தொய்வில் வண்டல் தங்கும். மேடு விழுந்தால் அந்த மேட்டில் காற்று அடைத்துக்கொள்ளும். டேங்க் நிறைந்திருக்கும்போதே ஒரு கழிவறையில் தண்ணீர் வராமல் பக்கத்துக் கழிவறையில் வந்தால் இந்த இரண்டில் ஒன்று காரணமாக இருக்கலாம்.

மூன்றாவது விதி, அசையும் இரண்டு பொருள்களை விறைப்பான குழாயால் இணைக்கக்கூடாது. அந்த இடத்தில் வளையும் ஹோஸ் போட வேண்டும். நாலாவது விதி, அடைக்கும் வால்வு கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். ஒரு வாஷ்பேசின் கெட்டுப்போனால் அதை மட்டும் அடைத்துவிட்டு மற்றதை ஓட விடலாம். வால்வைப் பலகைக்குப் பின்னால் ஒளித்து வைத்தால், ஒரு குழாய்க்காக டேங்க் முழுவதையும் இழக்க நேரும்.

வேலைக்குப் புதிதாகச் சேரும் பையன்களுக்கு மூத்த பிட்டர்கள் எளிய பாடம் ஒன்று சொல்லிக் கொடுப்பது உண்டு. ''தம்பி, கண்ணால் பார்த்துவிட்டுப் போகாதே. கையால் பிடித்து ஆட்டிப் பார். இன்றைக்கு ஆடும் குழாய் நாளைக்கு ஒழுகும்'' என்பார்கள். ஆடும் குழாயைக் கட்டக் கால் மணி நேரம் போதும். ஒழுகும் குழாயால் 72 பேர் ஒரு பகல் முழுவதும் தவிப்பார்கள்.

அடியில் ஒரு மின்சார நிலையம்

தண்ணீருக்கு அடுத்தது மின்சாரம்.

பழைய மாதிரி ஏ.சி. இல்லாத பெட்டி ஒவ்வொன்றும் தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே தயாரித்துக்கொள்கிறது. சக்கரம் சுழலும்போது அச்சில் இருக்கும் கப்பியில் இருந்து பெல்ட் வழியாக ஆல்டர்னேட்டர் சுற்றும். ஊர்க் கிணற்றில் ஆயில் என்ஜின் பெல்ட் போட்டு பம்பு ஓட்டும் அதே முறைதான். இந்த ஆல்டர்னேட்டரின் சக்தி 4.5 கிலோவாட்.

ரெயில் நின்றால் சக்கரம் நிற்கும், ஆல்டர்னேட்டரும் நின்றுவிடும். அப்போது விளக்கும் மின்விசிறியும் பேட்டரியில் ஓடும். பெட்டியின் அடியில் இரும்புப் பெட்டிக்குள் 56 பேட்டரி செல்கள் வரிசையாக வைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2 வோல்ட். மொத்தம் 110 வோல்ட்.

இந்தப் பேட்டரிகளில் நிறைந்த நிலையில் இருப்பது சுமார் 13 யூனிட் மின்சாரம். பெட்டி மணிக்கு 3 யூனிட் செலவழித்தால் 4 மணி நேரத்துக்கு மேல் தாங்கும். பேட்டரி பழையதாகிவிட்டால் இந்த நேரம் குறையும். பெல்ட் அறுந்துபோனால் பேட்டரிக்கு மறுபடி சார்ஜ் ஏறாது. கோடைகாலத்தில் ரெயில் நடு வழியில் நிற்கும்போது ஒரு பெட்டியில் மட்டும் மின்விசிறி மெல்ல மெல்லத் தளர்ந்து நிற்பதற்கு இதுவே காரணம்.

அப்படி ஒரு பெட்டி இருண்டுபோனால் பக்கத்துப் பெட்டியில் இருந்து மின்சாரம் கடன் வாங்குவதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். பெட்டியின் முனைகளில் இதற்கென்றே இணைப்புப் பெட்டி உண்டு. நம் சாலில் பக்கத்து ரூமில் இருந்து ஒயர் இழுத்துக்கொள்வது போலத்தான். ஆனால் இங்கே அது விதிப்படி செய்யும் வேலை. அதற்கு உரிய கேபிள், உரிய இணைப்பு, உரிய ஆள் வேண்டும்.

எல்.எச்.பி. பெட்டிகள் கொண்ட ரெயிலில் பெட்டிக்குப் பெட்டி ஆல்டர்னேட்டர் இல்லை. முன்னும் பின்னும் இணைத்த ஜெனரேட்டர் பெட்டியில் இருந்தோ, அல்லது மேலே போகும் மின் கம்பியில் இருந்து என்ஜின் வழியாகவோ 750 வோல்ட் மின்சாரம் ரெயில் முழுவதற்கும் போகிறது. அதை ஒவ்வொரு பெட்டியிலும் குறைத்துப் பயன்படுத்துகிறார்கள். சக்தி அதிகம். ஆகவே ஒயர் வேலையில் கவனமும் அதிகம் வேண்டும்.

ஒயர் கட்டும் வேலை

பலகையைக் கழற்றிப் பார்த்தால் நல்ல ஒயரிங்கும் கெட்ட ஒயரிங்கும் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். நல்ல ஒயரிங்கில் ஒயர்கள் சடை பின்னியது போல ஒரே கட்டாகப் போகும். எது விளக்குக்கு, எது மின்விசிறிக்கு என்று அடையாளம் போட்டிருக்கும். கெட்ட ஒயரிங்கில் நூல்கண்டைப் பூனை இழுத்துப் போட்டது போலக் கிடக்கும். பழுது பார்க்க வருபவர் எது எதற்கு என்று தேடுவதிலேயே ரெயில் புறப்படும் நேரம் வந்துவிடும்.

சிக்கல் அத்தோடு முடிவதில்லை. ஒயர் கெடுவதற்கு முக்கியமாக நான்கு காரணங்கள் உண்டு.

முதலாவது உராய்வு. ஒயர் தகட்டில் போட்ட துளை வழியாகப் போகும் இடத்தில் ரப்பர் வளையம் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் தகட்டின் விளிம்பு ஒவ்வொரு குலுக்கலிலும் உறையைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கும். ஒரு நாள் செம்பு வெளியே தெரியும். பெட்டியோ முழுக்க முழுக்க இரும்பு!

இரண்டாவது தளர்ந்த இணைப்பு. ஒயரின் முனையில் லக் போட்டு அழுத்தி, திருகை இறுக்கியிருக்க வேண்டும். சும்மா முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு அதிர்வில் தளரும். தளர்ந்த இடத்தில் சூடு பிறக்கும். சூட்டில் உறை இளகும், கருகும். பியூஸ் இதைக் கண்டுபிடிக்காது. ஏனென்றால் அளவுக்கு மேல் மின்சாரம் போகவில்லை. போகும் மின்சாரமே ஒரு புள்ளியில் சூடாகிறது, அவ்வளவுதான். விளக்கு விட்டுவிட்டு மினுக்கினாலோ, பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தாலோ இதைச் சந்தேகிக்க வேண்டும்.

மூன்றாவது எலி. சாப்பாட்டு மிச்சத்தைப் பெர்த்துக்கு அடியில் தள்ளிவிட்டு இறங்கிப்போனால் எலி வரும். வந்த எலி சோற்றோடு திருப்தி அடையாது, ஒயர் உறையையும் கொறிக்கும்.

நாலாவது மனிதன். பியூஸ் அடிக்கடி போகிறது என்று தடித்த கம்பியைப் போட்டு வைப்பது. செல்போன் சார்ஜ் பாயிண்டைத் திறந்து ஒயரை வெளியே இழுப்பது. பியூஸ் போவது நோய் அல்ல. நோயைச் சொல்லும் காய்ச்சல் அது. காய்ச்சலை மறைத்துவிட்டால் நோய் போய்விடுமா?

இன்னொரு விஷயம். நம் வீட்டுக்கு வருவது ஏ.சி. மின்சாரம். அது விநாடிக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொட்டுவிட்டு வரும். ஆகவே ஒரு பொறி கிளம்பினால் அணைந்துபோக வாய்ப்பு உண்டு. பேட்டரியில் இருந்து வரும் டி.சி. மின்சாரம் அப்படிப் பூஜ்யத்துக்கு வராது. பொறி கிளம்பினால் பிடித்துக்கொண்டே இருக்கும். 110 வோல்ட்தானே, வீட்டு மின்சாரத்தில் பாதிதானே என்று அலட்சியமாக நினைக்கக்கூடாது.

இரண்டும் சந்திக்கக்கூடாது

தண்ணீர்க் குழாயும் மின்சார ஒயரும் ஒரே பெட்டிக்குள், ஒரே சுவருக்குப் பின்னால், ஒரே கூரைக்கு மேல் போகின்றன. இடம் குறைவு. இங்கேதான் வேலைக்காரரின் திறமை தெரியும்.

இரண்டும் அருகருகே போக நேர்ந்தால் ஒயர் மேலேயும் குழாய் கீழேயும் போவது நல்லது. குழாய் ஒழுகினாலும் தண்ணீர் ஒயர் மேல் விழாது. குழாயின் இணைப்பு வரும் இடத்துக்கு நேர் கீழே ஜங்ஷன் பாக்ஸ் வைக்கக்கூடாது. ஒயரைக் குழாயோடு சேர்த்துக் கட்டவே கூடாது. ஒயர் பாக்சுக்குள் நுழைவதற்கு முன் சற்றுக் கீழே தொய்ந்து பிறகு மேலே ஏற வேண்டும். அப்போது ஒயர் வழியாக வழிந்து வரும் தண்ணீர் அந்தத் தொய்வில் சொட்டிவிடும், பாக்சுக்குள் போகாது.

இந்த விதிகள் ரெயில் பெட்டிக்கு மட்டும் அல்ல. தாராவியிலும் கோலிவாடாவிலும் பத்துக்குப் பத்து ரூமில் குடியிருக்கும் நம் வீடுகளையும் பாருங்கள். சந்தில் தலைக்கு மேலே ஒயர், காலுக்குக் கீழே குழாய், இரண்டும் சேரும் இடத்தில் மோட்டார் சுவிட்ச். மழைக்காலம் வருவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு இரண்டையும் பிரித்துக் கட்டச் சொன்னால் நல்லது.

தீ சொன்ன பாடம்

2013-ம் ஆண்டு டிசம்பர் 28-ந் தேதி அதிகாலை, பெங்களூரில் இருந்து நாந்தேடு சென்ற எக்ஸ்பிரஸ் ரெயிலின் ஏ.சி. பெட்டி ஒன்று ஆந்திராவில் புட்டபர்த்தி அருகே தீப்பிடித்தது. 26 பேர் பலியானார்கள். அடுத்த 11 நாளிலேயே, 2014 ஜனவரி 8-ந் தேதி அதிகாலை, பாந்திராவில் இருந்து டேராடூன் சென்ற ரெயில் மும்பைக்கு அருகே தகானு பகுதியில் தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். இரண்டுமே பயணிகள் உறங்கிக்கொண்டிருந்த நேரத்தில் நடந்தவை.

இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை செல்போன் சார்ஜ் பாயிண்டுகளுக்கு மின்சாரத்தை நிறுத்திவிட வேண்டும் என்று ரெயில்வே உத்தரவு போட்டது இதன் பிறகுதான். ''ராத்திரியில் சார்ஜ் ஏறவில்லை'' என்று சிப்பந்தியிடம் சண்டை போடுகிறவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். எல்லோரும் உறங்கும்போது சூடாகும் செல்போனைக் கவனிக்க யாரும் இல்லை.

2023 ஆகஸ்டு 26-ந் தேதி மதுரையில் நடந்ததும் மறக்கக் கூடியது அல்ல. லக்னோவில் இருந்து சுற்றுலா வந்த ஒரு குழுவின் பெட்டி, தனியாகப் பிரித்து நிறுத்தப்பட்டிருந்தது. உண்மையிலேயே வீடு போலப் பயன்பட்ட பெட்டி அது. அதிகாலையில் தீப்பிடித்தது. 9 பேர் இறந்தார்கள். விதியை மீறி உள்ளே கொண்டுவந்த கேஸ் சிலிண்டரே காரணம் என்று ரெயில்வே அறிவித்தது.

கேஸ் சிலிண்டர், மண்எண்ணெய், பட்டாசு போன்ற ஆபத்தான பொருள்களை ரெயிலில் கொண்டுபோவது ரெயில்வே சட்டத்தின் 164-வது பிரிவின்படி குற்றம். 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது ''குழந்தைகளுக்குக் கொஞ்சம் மத்தாப்புதானே'' என்று பையில் வைப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

நவீன ஒயர்களுக்கு இப்போது தீ எளிதில் பரவாத, புகையும் நச்சு வாயுவும் குறைவாக வெளிவிடும் உறை போடுகிறார்கள். ஏ.சி. பெட்டிகளில் புகையைக் கண்டுபிடிக்கும் கருவிகள் வந்துவிட்டன. இவை எல்லாம் நல்ல முன்னேற்றம். ஆனால் தளர்ந்த திருகை எந்த உறையும் இறுக்காது. அதற்கு ஒரு கை வேண்டும்.

கண்ணில் படாத கைகள்

அந்தக் கைகள் யாருடையவை?

நெடுந்தூர ரெயில் ஒன்று மும்பைக்கு வந்து சேர்ந்ததும் அதை யார்டுக்குக் கொண்டுபோவார்கள். மத்திய ரெயில்வேக்கு வாடி பந்தரில் பெரிய பராமரிப்பு டெப்போ இருக்கிறது. அங்கே தண்டவாளத்துக்கு நடுவே பள்ளம் தோண்டிய பிட் லைனில் ரெயிலை நிறுத்துவார்கள். ஆள் பெட்டிக்கு அடியில் நின்றுகொண்டே பார்க்கலாம். முழு ரெயிலையும் பார்க்க சுமார் 6 மணி நேரம் ஒதுக்குவது வழக்கம். பிரேக், சக்கரம், ஸ்பிரிங் எல்லாம் பார்த்து, பெல்ட், பேட்டரி, விளக்கு, மின்விசிறி, குழாய், கழிவறை எல்லாவற்றையும் அந்த நேரத்துக்குள் பார்த்து முடிக்க வேண்டும்.

ரெயில் தாமதமாக வந்தால் இந்த நேரத்தில்தான் கை வைப்பார்கள். புறப்படும் நேரத்தைத் தள்ளிப்போட யாரும் விரும்புவதில்லை. அப்போது பிரேக்கைப் பார்க்காமல் விட முடியாது. ஆடும் குழாய் அடுத்த முறைக்குத் தள்ளிப்போகும்.

பலகைகளைக் கழற்றி முழுப் பெட்டியையும் பிரித்துப் பார்ப்பது ஒர்க்‌ஷாப்பில்தான். அது சுமார் ஒன்றரை ஆண்டுக்கு ஒரு முறை நடக்கும். மும்பையில் மாட்டுங்கா ஒர்க்‌ஷாப் 1915-ல் ஏற்பட்டது. அதைச் சுற்றி உள்ள தாராவியிலும் மாட்டுங்காவிலும் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கிறார்கள்.

ரெயில் பெட்டிக் கதையில் நம் ஊருக்கும் பெரிய பங்கு உண்டு. சென்னை பெரம்பூர் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையைப் பிரதமர் நேரு 1955 அக்டோபர் 2-ந் தேதி தொடங்கி வைத்தார். சுவிட்சர்லாந்துக் கம்பெனி ஒன்றின் தொழில்நுட்பம் அது. தொடக்கத்தில் அங்கே செய்தது பெட்டியின் கூடு மட்டுமே. இருக்கை, குழாய், ஒயர் எல்லாம் பொருத்தி முழுப் பெட்டியாக்கும் பிரிவு 1962 அக்டோபர் 2-ந் தேதிதான் தொடங்கியது. கூடு கட்டுவது ஒரு தொழில், அதை வீடாக்குவது வேறொரு தொழில் என்பதற்கு இதுவே சாட்சி. அந்தப் பழைய மாதிரிப் பெட்டி உற்பத்தி 2018 ஜனவரியில் முடிந்தது. இப்போது அங்கே புது மாதிரிப் பெட்டிகளைச் செய்கிறார்கள்.

5 நிமிடத்தில் தண்ணீர்

வழியில் தண்ணீர் ஏற்றுவதும் தனிக் கலை. பெரிய ஜங்ஷன்களில் தண்டவாளங்களுக்கு நடுவே வரிசையாகத் தண்ணீர்க் குழாய்கள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ரெயில் நின்றதும் தொழிலாளர்கள் ஓடி வந்து, பெட்டியின் பக்கவாட்டில் இருக்கும் வாயில் ஹோசைச் சொருகுவார்கள். ஒருவரே பல பெட்டிகளைப் பார்க்க வேண்டும். குழாயில் அழுத்தம் குறைவாக இருந்தால் டேங்க் பாதி நிறைவதற்குள் சிக்னல் விழுந்துவிடும்.

இதை மாற்ற, 142 நிலையங்களில் விரைவாகத் தண்ணீர் ஏற்றும் ஏற்பாட்டுக்குச் சுமார் 300 கோடி ரூபாய் ஒதுக்கி இருப்பதாக 2018-ல் ரெயில்வே அறிவித்தது. 4 அங்குலக் குழாய்க்குப் பதில் 6 அங்குலக் குழாய், அதிக சக்தி உள்ள மோட்டார், 24 பெட்டிகளுக்கும் 5 நிமிடத்தில் தண்ணீர் என்பது திட்டம். ஆனால் எவ்வளவு வேகமாக ஏற்றினாலும், பெட்டிக்குள் குழாய் ஒழுகினால் ஓட்டைப் பானையில் ஊற்றிய கதைதான்.

நாம் செய்யக் கூடியது

குறையை எல்லாம் ரெயில்வே மேல் போட்டுவிட்டு நாம் தப்பிக்க முடியாது. அழுத்தினால் வந்து தானே நிற்கும் குழாயில் குச்சியையும் காகிதத்தையும் செருகி வைப்பது யார்? வாஷ்பேசினில் சாப்பாட்டு மிச்சத்தைக் கொட்டுவது யார்? கழிவறையில் பிளாஸ்டிக் பாட்டிலையும் குட்கா பாக்கெட்டையும் குழந்தையின் டயப்பரையும் போடுவது யார்?

முன்பு கழிவு நேராகத் தண்டவாளத்தில் விழுந்தது. இப்போது பெட்டிகளில் இருப்பது பயோ கழிவறை. ராணுவ ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ. உதவியுடன் உருவாக்கியது. அடியில் உள்ள டேங்கில் பாக்டீரியாக்கள் கழிவைத் தண்ணீராகவும் வாயுவாகவும் மாற்றுகின்றன. பாக்டீரியா பாட்டிலைத் தின்னாது. ஒரு பாட்டில் போதும், அந்தக் கழிவறை ஊர் போய்ச் சேரும் வரை மூடிக் கிடக்கும். பிறகு யாராவது ஒரு தொழிலாளி அதைக் கையால் எடுக்க வேண்டும்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது கீழ்க்கண்டவற்றைக் கவனியுங்கள்:

* ரெயில் ஏறியதும் 4 கழிவறைகளிலும் குழாயைத் திறந்து பாருங்கள். தண்ணீர் வராவிட்டால் அப்போதே புகார் செய்யுங்கள். அடுத்த தண்ணீர் நிலையம் தாண்டிய பிறகு சொல்லிப் பயன் இல்லை.

* புகாருக்கு எண் 139. ''தண்ணீர் இல்லை'' என்று மட்டும் சொல்லாதீர்கள். ரெயில் எண், எஸ்-5 போன்ற பெட்டி எண், எந்த முனை, எந்தக் கழிவறை, டிக்கெட்டில் உள்ள பி.என்.ஆர். எண் இவ்வளவும் சொல்லுங்கள். பெட்டியின் வெளிப்புறம் எழுதியிருக்கும் நீண்ட எண்ணையும் குறித்துக்கொண்டால் இன்னும் நல்லது. அதில் முதல் இரண்டு இலக்கம் அந்தப் பெட்டி எந்த ஆண்டு செய்யப்பட்டது என்பதைக் காட்டும். பராமரிப்பு ஆபீசில் அந்தப் பெட்டியின் சரித்திரம் அந்த எண்ணில்தான் இருக்கிறது.

* எல்.எச்.பி. பெட்டியில் தண்ணீர் நின்றால் பெட்டியில் உள்ள சிப்பந்தியிடம் பம்பைப் பார்க்கச் சொல்லுங்கள். டேங்கில் தண்ணீர் இருக்கலாம்.

* கருகும் வாடை வந்தால் ''யாரோ பீடி பிடிக்கிறார்கள்'' என்று சும்மா இருக்காதீர்கள். டிக்கெட் பரிசோதகரிடம் உடனே சொல்லுங்கள். புகையோ தீயோ கண்ணில் பட்டால் சங்கிலியை இழுக்கத் தயங்காதீர்கள். காரணம் இல்லாமல் இழுத்தால்தான் குற்றம்.

* சார்ஜ் பாயிண்டில் செல்போனைத் தவிர வேறு எதையும் சொருகாதீர்கள். கெட்டிலும், தண்ணீர் காய்ச்சும் ராடும் அந்த மெல்லிய ஒயருக்குப் பெரும் பாரம்.

* குழாயிலும் சுவிட்ச் பாக்சிலும் பை தொங்க விடாதீர்கள். அதற்குத்தான் கொக்கி இருக்கிறது.

பிட் லைனில் ஒருவர் ஒரு கிளாம்பை இறுக்கும்போது யாரும் கை தட்டுவதில்லை. அந்தப் பெட்டியில் தண்ணீரும் வெளிச்சமும் குறைவின்றி ஊர் போய்ச் சேர்ந்தவர்களும் அவரை நினைப்பதில்லை. அவர் வேலை சரியாக நடந்தது என்பதற்கு அதுவே அத்தாட்சி. நாம் அவருக்குச் செய்யக்கூடிய மரியாதை ஒன்று உண்டு. அவர் கட்டி வைத்ததைக் கலைக்காமல் இறங்கிப் போவது.